கதவுக்கு எடுத்த அளவு

நான் சொல்லப்போவது எழுத்துக்கு எழுத்து உண்மை. என் வாயில் பொய் என்று ஒன்று உண்டென்றால் அது மேல்வரிசைப் பொய்ப்பல் மட்டும்தான். அதையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் பேச உட்கார்ந்திருக்கிறேன். நம்பாதவர்கள் எதிர் வீட்டுப் பின்னறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பொருள் இன்னும் அங்கேதான் நிற்கிறது. இனிமேலும் அங்கேதான் நிற்கும். கதையே அதுதான்.

எதிர் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் முத்திரையார் என்போம். எடை அளவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, தராசையும் அளவுகோலையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் கடைக்காரரைக் குத்துவார், வாயால். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே தராசு முள்ளெல்லாம் நடுங்கிக்கொண்டு நடுவில் வந்து நிற்கும். ஒரு பழக்கடைக்காரர் பயத்தில் பழத்துக்குப் பதிலாகத் தன் தொப்பியை நிறுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். அவரும் எடை சரியா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வேலைக்கு முன் ஐஸ் கம்பெனியில் நான்கு வருடம், செருப்புக்கடையில் ஆறு வருடம். அதற்கெல்லாம் முன்னால், பதினேழு வயதில், தொழிற்பள்ளியில் ஒன்றரை வருடம் தச்சு படித்தார். அங்கே அவர் செய்த முக்காலிக்கு முதல் பரிசு கிடைத்தது. அன்று வகுப்பில் மற்ற எல்லோருக்கும் காய்ச்சல் என்பதை அவர் சொல்லமாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, காப்பி டம்ளரைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பேனாவை வைப்பதுபோல் மேஜையில் வைத்தார்.

"இந்தா பாரு, முடிவு பண்ணிட்டேன்."

"எதைங்க?" என்றார் அவர் மனைவி. தையல் மிஷின் சக்கரம் நிற்கவில்லை.

"மரத்துக்கே திரும்பிப் போகப்போறேன்."

"அங்கேருந்து இறங்கி வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சே. இப்ப எதுக்கு மறுபடியும்?"

"தச்சு வேலையைச் சொல்றேன். என் கை அதுக்குப் பிறந்த கை."

"பிறந்து அறுபது வருஷம் எங்க போயிருந்துச்சு அந்தக் கை?"

இந்த அம்மாளைத் தெருவே தையலம்மா என்று கூப்பிடும். நாற்பது வருடமாகக் கூடத்து மூலையில் அந்த மிஷின்தான். கழுத்தில் டேப், காதில் பென்சில், மடியில் அளவு நோட்டு. எங்கள் தெருவில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்ற விவரமெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அதனால் யாரும் அவரைப் பகைத்துக்கொள்வதில்லை. ஒருமுறை எனக்குக் கால்சட்டை அளவெடுத்தபோது, இடுப்பு முப்பத்தெட்டு என்று டேப் சொன்னது. நோட்டில் நாற்பது என்று எழுதினார்.

"ரெண்டு இஞ்ச் எதுக்கும்மா?"

"லூஸ் விடணும்ணே. நீங்க சாப்பிடுவீங்க, உக்காருவீங்க, மூச்சு விடுவீங்க. மனுஷ உடம்பு என்ன, கல்லா?"

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையார் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ரம்பம் வந்தது. உளி நான்கு வந்தன. இழைப்புளி வந்தது. முதலில் சாவி மாட்டும் பலகை ஒன்று செய்தார். சாவியை மாட்டியதும் பலகை விழுந்தது. பலகையோடு ஒரு சாண் சுவரும் விழுந்தது. அடுத்தது, பழைய புகழை நினைத்து ஒரு முக்காலி. மூன்று கால் உள்ள எதுவும் ஆடாது என்று கணக்கு வாத்தியார்கள் சொல்வார்கள். அவருடையது ஆடியது. நானே உட்கார்ந்து பார்த்தேன். கிழக்கே பார்த்து உட்கார்ந்தவன், காப்பி குடித்து முடித்தபோது வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் நடந்தது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நடையில். மரத்தூள் பறந்து மிஷினுக்குள் போனது. நூலில் ஒட்டியது, துணியில் ஏறியது. ஒரு மேடைப் பாடகி புது உடையை வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாவது வரியில் தும்ம ஆரம்பித்தவள் கச்சேரி முடிந்த பிறகும் தும்மிக்கொண்டிருந்தாள். ரசிகர்கள் அதற்கும் கைதட்டினார்களாம். ஆனாலும் மறுநாள் உடையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றுதான் பின்னறைச் சண்டை மூண்டது.

பின்னறை மகளுடைய அறை. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து காலியாகக் கிடந்தது. என்னை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"பின்னறையைப் பட்டறை ஆக்கப்போறேன்," என்றார் முத்திரையார். "ஒரு தச்சன் நடையில உக்காந்து வேலை பார்க்கிறதாவது."

"ஒரு தையல்காரி மட்டும் கூடத்து மூலையில உக்காந்து பார்க்கலாமா? மக போன நாள்லேருந்து கேக்குறேன். ஆறு பொண்ணுங்க தையல் கத்துக்கணும்னு வந்து வந்து திரும்பிப் போகுது. எங்க உக்கார வைக்கிறது, உங்க முக்காலியிலயா?"

"முக்காலியைப் பத்திப் பேசாதே."

"நான் பேசல. அதுதான் நாள் முழுக்க டொக்கு டொக்குனு பேசுது."

முத்திரையார் முகம் வாடியது. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முத்திரையையும் சோதனைப் பெட்டியையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்த மனிதர் வலது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். உளியைப் பிடித்த பிறகுதான் அந்தக் கைக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. தையலம்மாவுக்கும் அது தெரியும். அதனாலோ என்னவோ, குரலைத் தணித்தார்.

"சரிங்க. மூணு மாசம் அறையை நீங்களே வெச்சுக்குங்க. ஒரே ஒரு சாமான் செய்ங்க. பொண்ணு பிறந்தநாளுக்கு இங்க வர்றா இல்ல, அன்னிக்கு அந்தச் சாமான் இந்தக் கூடத்துல வந்து நிக்கணும். நின்னா, அறை காலத்துக்கும் உங்களோடது. நான் வாயே திறக்கமாட்டேன். நிக்கலேன்னா என்னோடது."

"நல்லா இருக்கா, இல்லையான்னு யார் தீர்ப்பு சொல்றது?"

"தீர்ப்பெல்லாம் வேணாம். ஆடினாலும் சரி, கோணினாலும் சரி. கூடத்துல நின்னாப் போதும்."

இவ்வளவு சுலபமான பரீட்சையை முத்திரையார் வாழ்நாளில் கண்டதில்லை. மனைவி மனம் மாறுவதற்குள் காகிதம் எடுத்து நிபந்தனையைத் தன் கையாலேயே எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி நான். காகிதமும் என்னிடமே தரப்பட்டது.

"என்ன சாமான் செய்யட்டும்? நீயே சொல்லு," என்றார், வென்றவரின் தாராளத்தோடு.

"ஒரு அலமாரி மேஜை செய்ங்களேன். ஆறடி நீளம். மேல நல்ல அகலமா பலகை. அடியில கால் வேணாம், ரெண்டு பக்கமும் தட்டு வெச்சு பெட்டி மாதிரி கெட்டியா."

"ஆணி இல்லாமலே கோக்குறேன் பாரு. யானை ஏறி நின்னாலும் பிரியாது."

"பிரியவே பிரியாதுங்களா?"

"ரம்பம் போட்டு அறுத்தாத்தான் உண்டு."

"ரொம்ப நல்லதுங்க," என்றார் தையலம்மா.

நீங்கள் இப்போது ஒன்று நினைப்பீர்கள். அறைக்குள்ளே பெரிய சாமானைச் செய்துவிட்டு, வாசல் வழியே எடுக்க முடியாமல் விழிக்கும் மடையன் கதை ஊருக்கு ஒன்று இருக்கிறதே, அதுதானே இது என்று. முத்திரையாருக்கும் அந்தக் கதை தெரியும். அவருடைய ஐஸ் கம்பெனி மேனேஜர் மாடியில் கட்டில் செய்து, இறக்க முடியாமல், கடைசியில் குடும்பத்தோடு மாடிக்கே குடி போனவர். அளவுத் துறையில் இருபத்தாறு வருடம் இருந்தவர் அந்தக் குழியில் விழுவாரா? முதல் பலகையை அறுப்பதற்கு முன்பே கதவை அளக்க முடிவு செய்தார். அந்த ஜாக்கிரதைதான் அவரைக் கவிழ்த்தது.

அலுவலக டேப்பைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கடையில் விற்கும் டேப்பை அவர் நம்பமாட்டார். வீட்டில் அவர் நம்பும் டேப் ஒன்றே ஒன்றுதான், தையலம்மாவின் கழுத்தில் கிடப்பது. பல வருடங்களுக்கு முன் அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, நுனியிலிருந்த பித்தளைத் துண்டில் தானே முத்திரை குத்திக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். டேப்பைச் சோதித்தார் சரி. டேப் பிடிக்கும் கையைச் சோதிக்க அந்த அலுவலகத்தில் கருவி இல்லை.

அன்று பசையைப் பரீட்சை பார்க்க இரண்டு துண்டுப் பலகைகளை ஒட்டி, அசையாமல் அரை மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தபடி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணப் போட்டோவில்கூட அவர் யாரையும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"ஏம்மா, இந்தக் கதவு அகலம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லேன். கையை எடுக்க முடியல."

"அப்புறமா நீங்களே பாத்துக்கக் கூடாதா?"

"இப்பவே தெரியணும். ஏன், உனக்கு அளவெடுக்கத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க," என்று தையலம்மா வந்தார். கதவை ஓரமாகத் தள்ளிவிட்டு நிலையின் உட்புறத்தை அளந்தார். ஆளுக்கு மார்பு, இடுப்பு, தொடை என்று எடுப்பதுபோல மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினார்.

"முப்பத்திரண்டு."

"மூணு இடத்துலயுமா?"

"இடுப்பே இல்லாத உருவங்க. மேலயும் கீழயும் ஒண்ணுதான்."

பசை காய்ந்ததும் முத்திரையார் தன் நோட்டில் எழுதினார்: கதவு 32. மேஜை 31. பக்கத்துக்கு அரை அங்குலம் இடைவெளி. கீழே கோடு போட்டு, 'சோதிக்கப்பட்டது' என்றும் எழுதினார். அவர் அலுவலகத்தில் பதிவேட்டில் ஏறிய எண்ணை அடுத்த வருடம் வரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவரும் பார்க்கவில்லை.

வேலை ஆரம்பமானது. அறையைச் சாத்திக்கொண்டு செய்ததால் மிஷினுக்குத் தூள் போகவில்லை. தையலம்மா தினமும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அதை நினைத்து முத்திரையாருக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க வீட்டம்மாவுக்கு என் கலை மேல ஒரு பிடிப்பு வந்திருச்சு," என்று என்னிடம் சொன்னார். "தினம் ஒரு யோசனை சொல்றா."

யோசனைகளை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

"உயரம் என் இடுப்பு வரைக்கும் இருக்கட்டுங்க. குனிஞ்சா முதுகு பிடிக்குது."

"எதுக்குக் குனியப்போறே?"

"தூசி துடைக்கத்தான்."

உயரம் முப்பத்தாறு அங்குலம் ஆனது.

"ஓரத்தை நல்லா உருட்டி இழைச்சிடுங்க. துணி மாட்டிக்கும். அதாவது, துடைக்கிற துணி."

ஓரம் கன்னம்போல் வழுவழுப்பானது.

"கீழ ஆறு தட்டு வையுங்க."

"ஆறு எதுக்கு?"

"ஆறுங்கறது அழகான எண்ணுங்க."

இன்னொரு நாள் விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "இந்த நீளத்துக்கும் இஞ்ச் இஞ்சா கோடு வெட்டினா எப்படி இருக்கும்? நீங்க வேலை பார்த்ததுக்கு ஒரு ஞாபகமா," என்றார். முத்திரையார் உருகிப்போனார். எழுபத்திரண்டு கோடுகள். டேப்பை விரித்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உளியால் வெட்டினார். ஒரு மயிரிழை பிசகவில்லை. அத்தனை நாளும் அதே டேப் அவர் கையில்தான் இருந்தது. கதவு இரண்டு எட்டு தூரத்தில்தான் இருந்தது. அதைச் சொன்னால் என்னை நம்புவீர்களா? பல்லைத்தான் கழற்றி வைத்துவிட்டேனே.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மேஜை அருமையாக வந்தது. பலகையும் பலகையும் கைகோத்த மாதிரி இருந்தன. இடித்துப் பார்த்தேன். நான்தான் ஆடினேன். முத்திரையார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, முத்திரை குத்த இடம் தேடுகிறவர்போல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறந்தநாள் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை, நான், லாரியில் மூட்டை ஏற்றும் தம்பிகள் இரண்டு பேர் என நான்கு மூலைக்கு நான்கு பேர். முத்திரையார் கூடத்தின் நடுவே சாக்கட்டியால் கட்டம் போட்டு வைத்துவிட்டு, கட்டளை இடும் இடத்தில் நின்றார்.

தூக்கினோம். நகர்ந்தோம். நிலையில் போய் மோதி நின்றோம்.

"மாமா, இடிக்குது," என்றார் மாப்பிள்ளை.

"இடிக்காது மாப்ளே. நேரா பிடிங்க."

"நேராத்தான் இடிக்குது."

கோணலாகப் பிடித்தோம். அதிகமாக இடித்தது. செங்குத்தாக நிமிர்த்தினோம். அப்போதும் இடித்தது. கதவையே கழற்றி ஓரமாக வைத்துப் பார்த்தோம். மேஜைக்கும் நிலைக்கும் நடுவே ஒரே ஒரு அங்குலம்தான் தகராறு. ஆனால் தகராறு தீர்கிற வழியைக் காணோம்.

"முப்பத்திரண்டு, மாப்ளே. எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க எழுதினது கதவுக்குத் தெரியல மாமா."

முத்திரையார் டேப்பைப் பிடுங்கி நிலையை அளந்தார். முப்பது. மறுபடியும் அளந்தார். முப்பது. பித்தளைத் துண்டைத் திருப்பி, தன் முத்திரையைத் தானே உற்றுப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனை தராசு, எத்தனை அளவுகோல், அத்தனையும் தப்போ என்று ஒரு கணம் அந்த முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"என்ன சத்தம்?" என்று தையலம்மா வந்தார்.

"முப்பத்திரண்டுன்னு சொன்னியே. முப்பதுதானே இருக்கு?"

தையலம்மா மடியிலிருந்து நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். என் கால்சட்டைக்கும் யாரோ ஒரு நர்சம்மாவின் மேல்சட்டைக்கும் நடுவே அந்தப் பக்கம் இருந்தது. சத்தமாகப் படித்தார்.

"பேரு, பின்னறைக் கதவு. சுற்றளவு, இல்லை. அகலம் முப்பது. லூஸ் ரெண்டு. மொத்தம் முப்பத்திரண்டு." படித்துவிட்டு வாயில் கை வைத்தார். "ஐயையோ, கை தானா எழுதிடுச்சுங்களே. நாப்பது வருஷப் பழக்கமாச்சே."

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். உள்ளேயிருந்து ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"நிலையை இடிச்சிடலாமா?" என்றேன் நான்.

அது வாடகை வீடு. சொந்தக்காரர் மாடியில் இருக்கிறார். சுவரில் காலண்டர் மாட்டவே அவரிடம் மனுப் போட வேண்டும். ஜன்னலுக்கோ இரும்புக் கம்பி.

"வேணும்னா அந்த ஓரத்துல ஒன்றரை இஞ்ச் அறுத்துடுங்க," என்றார் தையலம்மா, மிகவும் பரிவாக. "ரம்பம் இருக்கே."

அந்த ஓரத்தில்தான் எழுபத்திரண்டு கோடும் இருந்தன. மறு ஓரத்தை அறுத்தாலோ ஆணியில்லாமல் கோத்த கோப்பே பிரிந்துவிடும். முத்திரையார் மேஜைக்கும் ரம்பத்துக்கும் நடுவே வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் மெதுவாக என்னைப் பார்த்தார்கள். சாட்சி நான்தானே. காகிதத்தை எடுத்துப் படித்தேன். எழுத்து அவருடையது. 'கூடத்தில் வந்து நிற்க வேண்டும்.' வேறு ஒரு வார்த்தை இல்லை.

சட்டம் தெரிந்த மனிதர் அல்லவா. அறைச் சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு மணி நேரத்தில் மேஜைமேல் துணி விரிந்தது. எழுபத்திரண்டு கோட்டிலும் வைத்து வைத்து அளந்து தையலம்மா துணியை வெட்டினார். முதுகு வளையவில்லை. திங்கள்கிழமை ஆறு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. ஊரில் எந்தத் தையல் பள்ளியிலும் இப்படி ஒரு வெட்டும் மேஜை கிடையாது என்று அந்தப் பெண்கள் சொன்னபோது முத்திரையார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. லூஸ் விடாத சட்டை, ஒரு பொத்தான் தெறித்தது.

அவருக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நின்றால் தலை இடிக்கும் என்பதால் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் தையலம்மா. தைத்த உடைகளை மாட்டும் ஹேங்கர். இதுவரை நாற்பத்து மூன்று செய்துவிட்டார். எல்லாம் ஒரே அளவு.

போன வாரம் கால்சட்டை போட்டுப் பார்க்க அங்கே போயிருந்தேன். முத்திரையார் படிக்கட்டடியிலிருந்து தலையை நீட்டி, பெருந்தன்மையோடு சொன்னார்:

"நடந்ததை நினைச்சு நீ மனசுல எதுவும் வெச்சுக்காதேம்மா. உன் மேல தப்பில்ல. நாப்பது வருஷமா ரெண்டு இஞ்ச் லூஸ் விட்ட கை. அது என்ன செய்யும் பாவம்."

தையலம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"மனுஷங்களுக்குத்தாங்க லூஸ் விடுவாங்க. கதவு என்ன சாப்பிட்டுப் பெருக்கவா போகுது?"

இவ்வளவுதான் விஷயம். உங்களோடு இருக்கட்டும். யாராவது கேட்டால் காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லுங்கள், நான் சொன்னதாக மூச்சு விடாதீர்கள். என் கால்சட்டை இரண்டும் இன்னும் அந்த அம்மாளிடம்தான் இருக்கின்றன. லூஸைப் பிரித்துவிட்டு இன்னும் தைக்கவில்லை.